கோட்டையைப் பிடித்தவர் ஊரைப் பிடித்தாரா?



மலாக்கா பட்டணத்துக்குப் போய் வந்த நாம் எல்லோரும் பண்டார் ஹிலிரில் உள்ள அந்தப் பழைய கல்வாசலைப் பார்த்திருப்போம். செயிண்ட் பால் குன்றின் அடிவாரத்தில், வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போன கற்களோடு அது நிற்கிறது. ஆ ஃபமோசா என்னும் பெரிய கோட்டைக்கு இருந்த வாசல்களில் ஒன்று அது. சாந்தியாகோ வாசல் என்பது அதன் பெயர். இப்போது வாசல் மட்டும் நிற்கிறது. அதைச் சுற்றி இருந்த மதில் இல்லை. யாரும் வாசலுக்குள் நுழையாமலே அந்தப் பக்கம் போய்விடலாம்.

ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அங்கே அழைத்துச் செல்வது உண்டு. பிள்ளைகள் அந்த வாசலுக்குள் ஓடி விளையாடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், செண்டோல் வாங்கிக் குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். அவர்களுள் ஒரு பிள்ளை இரவு சாப்பிடும்போது இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: "அப்பா, அந்தக் கோட்டையை யார் கட்டினார்கள்? அதைக் கட்டியபோது நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்?"

முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் விடை இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நம்மில் பலர் விடை சொல்லத் தயங்குவோம். நாம் தோட்டத்துக்கு வந்தவர்கள்தானே, கோட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்போம். சம்பந்தம் உண்டு, நேயர்களே. அந்தக் கோட்டையின் கதையும் நம் தோட்டத்தின் கதையும் ஒரே கதையின் இரண்டு பகுதிகள். அதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

பேரரசு என்றால் என்ன? ஒரு நாடு தன் எல்லைக்கு அப்பால் கை நீட்டி, மற்றவர் நிலத்தின் விளைச்சலையும் மற்றவர் உழைப்பின் பலனையும் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்துகொள்ளும் ஏற்பாடுதான் பேரரசு. இதை நன்கு விளங்கிக்கொள்ள, முதலில் நாம் வெகுதூரம் போய் வருவோம்.

ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே மத்தியதரைக்கடல் இருக்கிறது. அதன் வடகரையில், இத்தாலியில், ரோமாபுரி. தென்கரையில், இன்று துனிசியா என்று சொல்லப்படும் நாட்டில், கார்த்தேஜ் என்னும் துறைமுகப் பட்டணம் இருந்தது. ரோமர் முதலில் உழவரும் படைவீரருமாக இருந்தவர்கள். கார்த்தேஜ் மக்களோ கப்பல் ஓட்டிப் பிழைத்த வணிகர்கள். இந்த இருவருக்கும் நடுவில் கிடந்தது சிசிலித் தீவு. கோதுமை விளையும் தீவு. கடல் வழியின் நடுவில் அமைந்த தீவு. அதை யார் வைத்துக்கொள்வது என்பதில் கி.மு. 264-இல் சண்டை மூண்டது. 23 ஆண்டுகள் நடந்த அந்தப் போரில் ரோமர் வென்றனர். சிசிலி அவர்கள் கைக்கு வந்தது.

இரண்டாவது போரில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால், கி.மு. 218-இல், யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்த மண்ணில் நின்று போரிட்டார். முடிவில் அவரும் தோற்றார். மூன்றாவது போர் கி.மு. 146-இல் முடிந்தபோது கார்த்தேஜ் பட்டணத்தையே ரோமர் தீ வைத்து அழித்தனர். உயிர் பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றனர்.

இந்தக் கதையில் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வெற்றிக்குப் பிறகு ரோமர் நாட்டில் நடந்தது. பல ஆண்டுகள் படையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய ஏழை உழவன், தன் வயல் பாழாய்க் கிடப்பதைக் கண்டான். கடனுக்கு அஞ்சி அதை விற்றான். போர்க்கொள்ளையில் பணம் சேர்த்த செல்வர்கள் அந்த வயல்களை வாங்கிப் பெரிய பெரிய பண்ணைகளாக ஆக்கினார்கள். அவற்றில் வேலை செய்யத் தோற்ற நாட்டு மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். ஆகவே, வாளுக்குப் பின்னால் பண்ணை வந்தது. பண்ணைக்குப் பின்னால் வேற்றூர் ஆட்கள் வந்தார்கள். சிசிலிப் பண்ணைகளில் இருந்த அடிமைகள் பசியும் அடியும் தாங்காமல் கி.மு. 135 அளவில் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்க ரோமருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இரண்டாவது செய்தி, கார்த்தேஜின் பின்கதை. எந்தப் பட்டணத்தை எரித்தார்களோ, அதே இடத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ரோமரே புதிய பட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. துறைமுகத்துக்கு ஏற்ற இடம் அதுதான். சுற்றிலும் தானியம் விளையும் நிலமும் அதுதான். எரித்தவர்களுக்கே பிறகு அது தேவைப்பட்டது.

இந்த இரண்டு செய்திகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு நம் மலாக்காவுக்குத் திரும்புவோம்.

திரும்பும் வழியில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். படையெடுப்பு என்பது வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்த காரியம் அன்று. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வங்கக் கடலைத் தாண்டி வந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. கடாரம் என்பது இன்றைய கெடா. இந்த வெற்றியைத் தஞ்சைக் கல்வெட்டு பெருமையோடு பட்டியல் இடுகிறது. ஆயினும் அந்த வெற்றியால் சோழர் இந்த மண்ணில் நிலையாக அமர்ந்து ஆளவில்லை. நின்றது எது? வணிகம்தான் நின்றது. 1088-இல் சுமத்திராவின் பாருஸ் பகுதியில் தமிழ் வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். படை வந்தது, போயிற்று. மூட்டை சுமந்து வந்தவர்கள் தங்கினார்கள்.

அப்போது மலாக்கா என்னும் பட்டணமே இல்லை. 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பலேம்பாங் அரச குலத்தவரான பரமேஸ்வரா இங்கே வந்து அரசு அமைத்தார். பிறகு நூறே ஆண்டுகளில் மலாக்கா உலகம் அறிந்த துறைமுகமாயிற்று. மலாக்காவில் தங்கம் விளையவில்லை. கிராம்பும் விளையவில்லை, அது மொலுக்காஸ் தீவுகளில் விளைந்தது. ஜாதிக்காய் பண்டாத் தீவில் விளைந்தது. துணி நம் சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்யப்பட்டது. பட்டும் பீங்கானும் சீனாவிலிருந்து வந்தன. இங்கே உணவரிசிகூட வெளியிலிருந்துதான் வந்தது. அப்படியானால் கப்பல்கள் ஏன் இங்கே வந்தன?

முதற்காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தியக் கப்பல்கள் இங்கே வந்து சேரும். வடகிழக்குக் காற்று தொடங்கினால் அவை திரும்பும். சீனக் கப்பல்களுக்கோ வடகிழக்குக் காற்றுதான் வருவதற்கு. தென்மேற்குக் காற்று போவதற்கு. ஆகையால் இரு திசைக் கப்பல்களும் காற்று மாறும்வரை தங்கியிருக்க நடுவில் ஓர் ஊர் வேண்டும். அந்த நீரிணையின் குறுகலான பகுதியில் அமைந்த ஊர் மலாக்கா.

இரண்டாவது காரணம் ஒழுங்கு. காற்று எல்லா ஊருக்கும் பொது. ஒழுங்கு அப்படி அன்று. இங்கே நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். ஷாபந்தர் என்றால் துறைமுக அதிகாரி. குஜராத்தியருக்கு ஒருவர், நம் கரை வணிகர், வங்காளத்தார், பெகு, பாசாய் நாட்டாருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார் போன்றோருக்கு ஒருவர். வந்து இறங்குகிறவன் தன் மொழி தெரிந்தவரிடம் போய் நிற்கலாம். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு வரி நூற்றுக்கு 6 என்று வழக்கம் இருந்தது. சரக்கை மதிப்பிட அதிகாரி ஒருவர் மட்டும் உட்காரவில்லை. பத்து வணிகர்கள் கூடி மதிப்பிட்டார்கள். அவர்களுள் ஐவர் நம் கரையிலிருந்து வந்த 'கெலிங்' வணிகர்கள், ஐவர் மற்ற நாட்டார். இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர் தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசிய மருந்தாளர். அவர் 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் இருந்தவர். இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகவும் அவர் கணக்குச் சொல்கிறார்.

ஆகவே, பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதோ முதல் விடை. கோட்டை கட்டுவதற்கு முன்பே நம்மவர்கள் இங்கே இருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி மூட்டைகளோடு வந்தார்கள். சரக்குக்கு விலை மதிப்பிடும் இடத்தில் மரியாதையோடு உட்கார்ந்தார்கள். அரசவையிலும் தமிழர் கலப்பு இருந்தது. பெண்டஹாரா என்னும் முதலமைச்சர் பதவியில் இருந்த துன் முத்தாஹிரின் முன்னோர் நம் கரையிலிருந்து வந்தவர் என்று மலாய் வரலாற்று ஏடு கூறுகிறது.

இத்தகைய ஊரின் மேல் போர்த்துக்கீசியரின் கண் விழுந்தது. அதற்கும் அந்த மத்தியதரைக்கடல்தான் காரணம். கீழ்த்திசை மிளகும் கிராம்பும் அரபுக் கப்பல்களில் ஏறி, எகிப்து வழியாகப் போய், மத்தியதரைக்கடலில் வெனிஸ் பட்டணத்தார் கைக்குச் சேரும். அவர்கள் சொன்ன விலைதான் ஐரோப்பாவில் விலை. இந்த வழியைத் தவிர்த்துவிட்டு, விளையும் இடத்துக்கே நேரே போக வேண்டும் என்று போர்த்துக்கீசியர் எண்ணினர். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். அல்புகர்க் 1510-இல் கோவாவைப் பிடித்தார். அடுத்தது மலாக்கா.

1509-இல் முதலில் வந்த போர்த்துக்கீசியக் கப்பல்கள் வணிகம் பேச வந்தன. பேச்சு முறிந்தது. அவர்களில் சிலர் இங்கே சிறைப்பட்டனர். இதற்கிடையில் மலாக்காவுக்கு உள்ளேயும் விரிசல் கண்டது. 1510-இல் சுல்தான் மஹ்மூட் ஷா தம் முதலமைச்சரான துன் முத்தாஹிரையே கொல்வித்தார். அரசவையில் ஒருவரை ஒருவர் நம்பாத நிலை வந்தது. வீட்டுக்குள் சண்டை என்றால் வெளியார் கதவைத் தட்ட வெகுநேரம் ஆகாது.

1511 ஜூலை மாதம் அல்புகர்க் ஏறத்தாழ 18 கப்பல்களோடும் 1,200 ஆட்களோடும் வந்து சேர்ந்தார். அந்த ஆட்களிலும் ஒரு பகுதியினர் மலபார்க் கரையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். மலாக்கா ஆற்றின் மேல் ஒரு பாலம் இருந்தது. ஒரு பக்கம் அரண்மனையும் மசூதியும். மறுபக்கம் வணிகர் குடியிருப்பு. பாலத்தைப் பிடித்தால் ஊர் இரண்டாகிவிடும். ஜூலை 25-ஆம் நாள் நடந்த முதல் தாக்குதலில் பாலத்தைப் பிடித்தும் அவர்களால் அதில் நிலைக்க முடியவில்லை. சுல்தான் யானை மேல் இருந்து போரிட்டார். பிறகு அல்புகர்க் உயரமான ஒரு மரக்கலத்தில் வீரர்களை ஏற்றி, கடல் பெருக்கெடுக்கும் நேரம் பார்த்து ஆற்றுக்குள் செலுத்திப் பாலத்தின் மேல் சாய்த்து நிறுத்தினார். ஆகஸ்டு 10-ஆம் நாள் மீண்டும் சண்டை தொடங்கிற்று. 24-ஆம் நாள் ஊர் வீழ்ந்தது. சுல்தான் மூவார் வழியாகத் தப்பிச் சென்றார்.

உடனே கோட்டை வேலை தொடங்கிற்று. அரச குடும்பத்துக் கல்லறைகளையும் மசூதியையும் இடித்த கற்கள்தான் கோட்டைச் சுவராயின. முதல் கேள்விக்கு இப்போது விடை முழுமையாகிறது. கட்டியவர் போர்த்துக்கீசியர், கல் மலாக்காவினுடையது. கொள்ளையடித்த செல்வத்தை அல்புகர்க் ஒரு பெரிய கப்பலில் ஏற்றினார். அந்தக் கப்பல் சுமத்திராக் கரையோரம் புயலில் உடைந்து மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். செல்வம் கடலோடு போயிற்று.

இங்கே ஒரு தமிழ் வணிகரைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். போர்த்துக்கீசியர் ஏடுகளில் அவர் பெயர் நினா சத்து என்று வருகிறது. நைனா என்பது நம் மரியாதைச் சொல். சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு அவர் உதவி செய்தார். ஊர் விழுந்ததும் அல்புகர்க் அவரை மலாக்காவின் பெண்டஹாரா ஆக்கினார். பெகு நாட்டுக்கும் சீனாவுக்கும் போர்த்துக்கீசியர் முதலில் அனுப்பிய வணிகக் கப்பல்களில் அவரும் பங்காளியாக இருந்தார். ஆனால் 1514-இல் அந்தப் பதவியை அவரிடமிருந்து எடுத்துக் கம்பார் நாட்டு அரசருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவமானம் பொறுக்காமல் அவர் சிதை மூட்டித் தீயில் இறங்கி இறந்தார் என்று போர்த்துக்கீசியர் வரலாறு கூறுகிறது. பதவியைப் பெற்ற கம்பார் அரசரும் நீண்டநாள் வாழவில்லை. அடுத்த ஆண்டே அவர்கள் கையால் மரணதண்டனை பெற்றார். முதலில் போர்த்துக்கீசியரோடு ஒத்துப்போன ஜாவானியத் தலைவர் உதிமுத்தி ராஜாவுக்கும் இதே கதிதான்.

அந்த நைனாவைத் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவரைத் திறமைசாலி என்றும் சொல்லலாம். நாம் அவரைத் தீர்ப்புக் கூண்டில் நிறுத்த வரவில்லை. கடை வைத்திருக்கிறவன் எந்தக் கொடி பறந்தாலும் கடையைத் திறக்கத்தான் பார்ப்பான். ஆனால் ஒன்று தெளிவு. மற்றவர் தயவில் கிடைத்த நாற்காலியை அவர்கள் நினைத்த நாளில் எடுத்துவிடலாம். முன்பு பத்துப் பேரில் ஐவராக உட்கார்ந்திருந்தபோது நம் வணிகருக்கு இருந்தது உரிமை. பிறகு கிடைத்தது சலுகை. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

சரி, கோட்டையைப் பிடித்தவர் ஊரைப் பிடித்தாரா? சுவரைப் பிடித்தார், ஆற்றைப் பிடித்தார், சுங்கச்சாவடியைப் பிடித்தார். கப்பல்களைப் பிடிக்க முடியவில்லை. முஸ்லிம் வணிகர் பலர் அச்சேவுக்கும் பாந்தாமுக்கும் ஜொகூருக்கும் போனார்கள். அந்த ஊர்கள் வளர்ந்தன. அச்சேயும் ஜொகூரும் திரும்பத் திரும்ப மலாக்காவைத் தாக்கின. சந்தைக்காகப் பிடித்த ஊரில் வந்த வருமானத்தைச் சந்தையைக் காப்பதற்கே செலவிட வேண்டியதாயிற்று.

130 ஆண்டுகள் அப்படியே சென்றன. பிறகு டச்சுக்காரர்கள் ஜொகூரின் துணையோடு கோட்டையை முற்றுகையிட்டார்கள். பசியாலும் நோயாலும் மெலிந்த ஊர் 1641 ஜனவரியில் அவர்கள் கைக்கு மாறியது. அடுத்த முறை சாந்தியாகோ வாசலுக்குப் போனால், அண்ணாந்து பாருங்கள். மேலே ஒரு சின்னமும் 1670 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கும். அது டச்சுக்காரர் வைத்தது. போர்த்துக்கீசியர் கட்டிய வாசலில் டச்சு முத்திரை! ஆயினும் டச்சுக்காரருக்குப் பத்தாவியா, அதாவது இன்றைய ஜக்கார்த்தாதான் தலைநகரம். மலாக்காவின் பழைய பெருமை திரும்பவில்லை.

இந்தக் காலங்களிலெல்லாம் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர்களில் மலாக்கா செட்டிகளும் உண்டு. பழைய தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். வணங்குவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். காஜா பெராங்கில் அவர்கள் கிராமம் இன்றும் இருக்கிறது. தட்டார் தெருவில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-இல், டச்சுக்காரர் காலத்தில், அவர்கள் எழுப்பியது. அதே தெருவில் பழைய மசூதியும் சீனர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோட்டைச் சுவர் போன பிறகும் அந்தத் தெரு போகவில்லை.

கோட்டை எப்படிப் போயிற்று? 1795-இல் ஆங்கிலேயர் மலாக்காவைத் தம் பொறுப்பில் எடுத்தார்கள். ஒருவேளை மற்றவர் கைக்கு மாறினால் தங்களுக்கு ஆபத்து என்று எண்ணி, 1807-இல் கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். கற்கள் வானில் எழுந்து விழுந்ததை மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா எழுதியிருக்கிறார். தமிழ்க் குருதியும் கலந்த குடும்பத்தவர் அவர். மூன்று நூற்றாண்டு நின்ற சுவர் சில மாதங்களில் மறைந்தது. மிஞ்சியது அந்த வாசல். 1824-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மலாக்கா நிலையாக ஆங்கிலேயரிடம் வந்தது.

முன்னே சொன்ன ரோமர் கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வாளுக்குப் பின்னால் பண்ணை வரும் என்றோம் அல்லவா? ஆங்கிலேயர் காலத்தில் பேரரசின் பார்வை கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பியது. பிரேசில் நாட்டு ரப்பர் விதை லண்டனுக்குப் போய் முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. 1896-இல் மலாக்காச் சீனரான டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் காடுகளை அழித்து வரிசை வரிசையாகக் கன்று வைத்தன. கன்று வளர்ந்தது. பால் வெட்ட ஆள் வேண்டுமே?

அப்போதுதான் கங்காணி நம் ஊர்களுக்கு வந்தார். மழை பொய்த்த சீமையில், கடன்பட்ட வீட்டில், அவர் பேச்சு எடுபட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, லயத்து வீட்டில் அடுப்பு மூட்டினார்கள் நம் பெரியவர்கள். ரோமர் பண்ணைக்குப் போனவர்களைப்போல நாம் விற்கப்பட்டவர்கள் அல்லர், கூலி பெற்றவர்கள். அந்த வேறுபாடு பெரிது. ஆனாலும், எங்கோ இருக்கும் கம்பெனிக்காக வேற்றூர் ஆட்களைக் கொண்டுவந்து நிலத்தைப் பயன்படுத்தும் முறை ஒன்றேதான். நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து ஒரு காலத்தில் நம்மவர் துணி மூட்டையோடு வணிகராய் வந்தார்கள். அதே துறையிலிருந்து பின்பு வெறுங்கையோடு தொழிலாளியாய் வந்தார்கள். நடுவில் நடந்தது என்ன என்று கேட்டால், பேரரசுதான் நடந்தது.

அதோடு முடியவில்லை. 1942-இல் இன்னொரு பேரரசு வந்தது. ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்ததும் ரப்பருக்குக் கேட்பார் இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-இல் பாதை முடிந்தது. போன பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சயாமுக்குப் போய் வராத ஒருவரைப் பற்றிப் பேசாத பழைய தோட்டக் குடும்பம் அரிது. அவர்களுக்குச் சாந்தியாகோ வாசல்போல ஒரு வாசல் நிற்கவில்லை. அவர்கள் பெயர் வீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது. பேச்சு நின்றால் பெயரும் நின்றுவிடும்.

1956 பிப்ரவரி 20-ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனிலிருந்து திரும்பி, மலாயாவின் விடுதலை நாளை அறிவித்தார். எந்த இடத்தில் தெரியுமா? அந்தக் கல்வாசலுக்கு அருகில் உள்ள பண்டார் ஹிலிர்த் திடலில்தான். 1511-இல் எங்கே ஊர் பறிபோயிற்றோ, அங்கேயே திரும்பி வந்த செய்தி சொல்லப்பட்டது. 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை வந்தது.

நேயர்களே, இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாம் முழுதாக விடை சொல்லலாம். "நம் ஆட்கள் அப்போதும் இங்கேதான் இருந்தார்கள், கண்ணு. கோட்டைக்கு முன்னால் கடைவீதியில் இருந்தார்கள். கோட்டைக்குப் பின்னால் தோட்டத்தில் இருந்தார்கள். கோட்டை கட்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நாம் இருக்கிறோம்."

இன்று மலாக்காவில் பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதியும் வந்துவிட்டன. நம்மில் பலர் லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். தோட்ட வேலைக்கு இப்போது வேறு நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது நம் பாட்டன் கப்பலில் இறங்கிய நாளை நினைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அந்த நினைவு போதும்.

முடிக்கும் முன் ஒரு சிறு வேலை சொல்கிறோம். இந்த வாரம் ஒருநாள் மாலை, பிள்ளைகள் ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் உள்ள மூத்தவரிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது? முதலில் எந்தத் தோட்டத்தில் இறங்கியது? சயாமுக்குப் போனவர் யார்? அவர் பெயர் என்ன? சொல்வதைச் சொன்னபடியே எழுதி, மேலே தேதி போட்டு, பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியில் அதையும் வையுங்கள். தாய்மார்களே, உங்கள் தாய்வழிக் கதையையும் விடாதீர்கள்; பேறுகாலமும் பிரட்டுக் களமும் ஒரே நாளில் சந்தித்த பெண்களின் கதை அது.

பேரரசுகள் தங்கள் கதையைக் கல்லில் வெட்டி வைத்தன. நம் கதையை நாம் நோட்டுப்புத்தகத்திலாவது எழுதி வைப்போம்.